பூசுவதற்கு முன் எடுத்த படம்

எங்கள் பக்கத்தில் சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றால் முதலில் மாடிக்கு ஒரு போன் போடுவார்கள். மாடி என்றால் என் கடைக்கு மேலே இருக்கிற வீடு. அங்கே டெஸ்டரும் அவன் மனைவியும் எட்டு வயது மகளும் குடியிருந்தார்கள். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள், கரண்ட் வேலை செய்கிற அவன் டெஸ்டர் வைத்திருப்பான். அதனால் அந்தப் பெயர். கல்யாண வீட்டுக்குப் புதுச் சட்டை போட்டுப் போனாலும் பையில் அது எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அவனுடைய வலது உள்ளங்கையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கருந்தழும்பு உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் வந்தது. யாரோ ஒரு புண்ணியவான் கோணல்மாணலாக ஒயர் இழுத்துப் பூசி மூடிவிட்டுப் போன சுவரில் இவன் துளை போடப் போய், ஏணியோடு தூக்கி எறியப்பட்டான். பிழைத்ததே பெரிது. இரண்டு மாதம் இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிட்டானாம். அன்றிலிருந்து அவனுக்கு இரண்டு வைராக்கியங்கள். ஒன்று, சுவருக்குள் ஒயர் போனால் செங்குத்தாகப் போக வேண்டும், இல்லையென்றால் மேலே கூரையை ஒட்டிப் படுக்கையாகப் போக வேண்டும், குறுக்கே சாய்ந்து போகவே கூடாது. இரண்டு, சுவரை வெட்டிக் குழாய் பதித்த பிறகு, கொத்தனார் பூசி மூடுவதற்கு முன், பக்கத்தில் இன்ச் டேப்பை நீட்டிப் பிடித்து ஒரு படம் எடுத்துவிட வேண்டும்.

பதினோரு வருஷத்தில் இருநூற்றுச் சொச்சம் வீடுகள். அத்தனை வீட்டுச் சுவர்களின் வயிற்றுக்குள்ளும் என்ன இருக்கிறது என்பது மாடியில் ஒரு கம்ப்யூட்டரில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டது அவன் மனைவி. ஒவ்வொரு வீட்டுக்கும் அவளே ஒரு பெயர் வைத்திருந்தாள். நாய் வீடு, வளைஞ்ச படி வீடு, மூணு வாசல் வீடு, சண்டைக்கார அம்மா வீடு. சண்டைக்கார அம்மாள் ஒருநாள் நேரிலேயே வந்து என் சுவரைக் காட்டு என்று நின்றபோது, திரையில் அந்தப் பெயரை விரலால் மறைத்துக்கொண்டே படத்தைத் திறந்த கதையை அவள் சொன்னால் எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

யாராவது போன் செய்தால், "இருங்க, சுவர் பாத்துச் சொல்றேன்" என்பாள். ஐந்து நிமிஷத்தில் திரும்பக் கூப்பிட்டு, "ஜன்னல் கட்டையில இருந்து ரெண்டு அடி விட்டுடுங்க, அதுக்கு இந்தப் பக்கம் எங்க வேணா போடுங்க" என்பாள். மேஸ்திரிகளும் தச்சர்களும் அவள் சொல்லுக்கு மறுசொல் சொன்னதில்லை.

நான் கீழே கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவன். தனிக்கட்டை, வாய் கொஞ்சம் அதிகம். அந்தப் படங்களை ஒரே இடத்தில் வைக்காதே, மூன்று இடத்தில் வை, அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். கடைசியில் மழைக்காலத் தொடக்கத்தில் கம்ப்யூட்டரில் இடம் நிறைந்துபோக, தனி டிஸ்க் ஒன்று வாங்கினாள். காப்பி எடு என்று நான் சொன்னேன். அவள் இங்கிருந்து வெட்டி அங்கே ஒட்டினாள். வீடு மாறும்போது சாமானையெல்லாம் எடுத்துக்கொண்டுதானே போகிறோம், அங்கே ஒன்று இங்கே ஒன்று என்று எதற்கு விட்டு வைப்பது என்று நினைத்திருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் அதை ஓட விட்டாள். மூன்று மணி நேரம் ஆகும் என்று திரை சொன்னது. அதற்குள் மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டு வந்துவிடலாம் என்று கிளம்பினாள். அவளுக்குப் பின்னால் டெஸ்டர் வேலைக்குக் கிளம்பினான். வீட்டை விட்டு இறங்கும்போது மெயின் சுவிட்சை இறக்காமல் அவனுக்குச் செருப்பு மாட்ட வராது. ஃபிரிட்ஜுக்குக்கூடத் தனி லைன் போட்டு வைத்திருக்கிறானே தவிர, அந்தப் பழக்கத்தை விட்டானில்லை. கை தானாகப் போய் மெயினை இறக்கியது. யூபிஎஸ் பேட்டரி செத்து ஆறு மாதமாகியிருந்தது. ஊருக்கெல்லாம் கரண்ட் வேலை செய்கிறவன் வீட்டு லட்சணம் அது.

அவள் திரும்பி வந்து பார்த்துவிட்டு, டிஸ்க்கைப் பச்சைப் பிள்ளையைப் போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கடைக்கு இறங்கி வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணே, இதைச் சொருகினா ஃபார்மட் பண்ணவா, ஃபார்மட் பண்ணவான்னு கேக்குது."

"பண்ணிட்டியா?"

"இல்லை. புரியாததுக்கெல்லாம் நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன்."

"நல்லவேளை. அதை இப்படிக் குடு. இனிமே நான் சொல்ற வரைக்கும் அதுல ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது. உன் கம்ப்யூட்டரையும் தொடாதே."

"எல்லாமே போச்சாண்ணே?"

பார்த்தேன். பின் நான்கு வருஷத்துப் படங்கள் கம்ப்யூட்டரை விட்டுக் கிளம்பவே இல்லை, அவை பத்திரம். போனது முதல் ஏழு வருஷம். போகிற வழியில் மெயின் விழுந்ததால் டிஸ்க்கில் எது எங்கே இருக்கிறது என்கிற பட்டியலே சிதைந்துவிட்டது. டிஸ்க்கும் இடையிடையே முக்கியது. மூலத்தைக் கிளறாமல் முதலில் அப்படியே ஒரு நகல் எடுத்து, அந்த நகலுக்குள் தேட வேண்டும். இரண்டு நாளாவது ஆகும் என்றேன்.

சாயங்காலம் டெஸ்டர் வந்தான். மழையில் நனைந்த தலையைத் துவட்டாமலே நின்றான்.

"வருமாண்ணே?"

"வரும். எவ்வளவு வரும்னு கேக்காதே. அது வரைக்கும் யாராச்சும் போன் பண்ணா படம் போச்சுன்னு சொல்லிடு."

"அப்படிச் சொன்னா நம்மளை எவன் நம்புவான்? ஊரே நம்ம பேச்சைக் கேட்டுத்தான் ஆணி அடிக்குது."

"அதனாலதான்யா சொல்லச் சொல்றேன்!"

"ரெண்டே நாள்தானே? நான் சமாளிச்சுக்கறேன். நாம என்னைக்குண்ணே குறுக்கே இழுத்தோம்? எப்பவும் நேர்தான். போர்டுக்கு நேர் மேலே தொடாதேன்னு சொன்னாப் போதும், வேலை முடிஞ்சுது."

அவன் மனைவி படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "பாக்காம எதையும் சொல்லாதீங்க" என்றாள். "நான் ஒருநாளும் பாக்காம சொன்னதில்லை."

"நீ படத்தைப் பாத்துச் சொல்லுவே. அந்த ஒயரை இழுத்ததே நான்தானே? எனக்குத் தெரியாதா?"

அவள் மாடிக்கு ஏறிப் போய்விட்டாள். ஆனால் என் மனசு கேட்கவில்லை. ஒரு மனிதன் துளை போடும் மெஷினைச் சுவரில் வைத்து அழுத்துவதே கண்முன் வந்து வந்து நின்றது.

அந்த இரண்டு நாளில் மூன்று போன்கள் வந்தன. ஒருத்தருக்குக் கண்ணாடி மாட்ட வேண்டும். இன்னொருத்தருக்கு அலமாரி. இரண்டு பேருக்கும் டெஸ்டரே பதில் சொன்னான். சொல்லும்போது நெற்றியைச் சொறிந்துகொண்டான். மூன்றாவது போன் புதன்கிழமை மத்தியானம் வந்தது. டெஸ்டர் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். பேசியது வாத்தியார். அவருடைய மனைவி வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. பிடித்துக்கொண்டு நடப்பதற்காக, நடைவழிச் சுவரில் கூடத்திலிருந்து குளியலறை வரைக்கும் ஒரு மரக் கைப்பிடி போட வேண்டும். போடப்போகிறவன் வேறு யாரும் இல்லை, டெஸ்டரின் மச்சினன், அவன் மனைவியின் தம்பி. தச்சு வேலை செய்கிறவன்.

டெஸ்டருக்கு வாத்தியார் குரலைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "சார், உங்க வீட்டை மறப்பேனா? பாப்பா பொறந்த அன்னைக்கு உங்க ஸ்கூட்டர்லதானே சார் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்!" என்று சிரித்தான். பிறகு, "அந்தச் சுவர்ல ஒண்ணும் பயம் இல்லை சார். போர்டுக்கு நேர் மேலேயும், வாஷிங் மெஷின் பிளக்குக்கு நேர் மேலேயும் விட்டுடச் சொல்லுங்க. நடுவுல எங்க வேணா போட்டுக்கட்டும்" என்றான்.

இந்த ஸ்கூட்டர் கதை எனக்கு மனப்பாடம். அவன் மனைவி அதைச் சொல்லாத மாதம் கிடையாது. வலி எடுத்து, பக்கத்து வீட்டு அம்மா ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, இவன் அப்போது வேலை செய்துகொண்டிருந்த வாத்தியார் வீட்டுக்குப் போன் போட, இவன் கையெல்லாம் சிமெண்டோடு வந்து நின்றானாம். நர்ஸ் முதலில் கை கழுவிவிட்டு வா என்று விரட்டினாளாம். பிள்ளையை முதலில் வாங்கியது அவன்தானாம். "எனக்கு ஒண்ணுன்னா மனுஷன் கையில இருக்கிறதைப் போட்டுட்டு ஓடி வந்துடுவாருண்ணே" என்று சொல்லும்போது அவளுக்குக் குரலே மாறிவிடும். பொறாமையாகக்கூட இருக்கும் எனக்கு.

வியாழக்கிழமை காலை நகல் எடுத்து முடிந்தது. தேடலில் படங்கள் வரத் தொடங்கின. ஒன்பதாயிரத்துச் சொச்சம். ஆனால் ஒன்றுக்கும் பெயர் இல்லை. நாய் வீடும் இல்லை, வளைஞ்ச படி வீடும் இல்லை. வெறும் எண்கள். திரை முழுக்கச் செங்கல் சுவர்கள், சுவர்கள், சுவர்கள். வெட்டின சுவர்களை அப்படி மொத்தமாக நான் பார்த்ததில்லை. அத்தனையும் அறுவை முடித்துத் தைக்காமல் விட்ட உடம்புகள் போல இருந்தன.

"படத்துக்குள்ள எடுத்த தேதி இருக்கும்மா. அதை வெச்சு வரிசைப்படுத்தித் தர்றேன். எது எந்த வீடுன்னு நீதான் பாக்கணும்" என்றேன்.

அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். வெளியே இரண்டு நாளாக விடாத மழை. கடை வாசலில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. வாடிக்கையாளர் ஒருத்தரும் வரவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சொல்வதை எழுதிக்கொண்டேன். அவளுக்கு என்னென்னவோ அடையாளம் தெரிந்தது. தரையில் கிடந்த சாப்பாட்டுத் தூக்கை வைத்து ஒரு வருஷத்தைச் சொன்னாள். "இந்தத் தூக்கு மூடி தொலைஞ்சது மூணு வாசல் வீட்டுல. அதுக்கு அப்புறம் தட்டை வெச்சு மூடித்தான் குடுத்தனுப்பினேன். அப்போ இது அதுக்கு முன்னாடி." டேப் பிடித்த கட்டைவிரலில் நகம் கறுத்திருந்தால் அது சுத்தியல் பட்ட வருஷம். படத்தின் ஓரத்தில் ஒரு வால் தெரிந்தது, அது நாய் வீடு. பதினொரு மணிக்குள் முப்பது வீட்டுக்குப் பெயர் திரும்ப வந்துவிட்டது. அவள் முகத்திலும் கொஞ்சம் ரத்தம் ஓடியது.

"அண்ணே, இந்த மாசம் பாப்பா பொறந்த மாசம். இந்தப் படமெல்லாம் நான் ஏத்தினது இல்லை. பச்சை உடம்பு, அம்மா வீட்டுல இருந்தேன். அவரே ஏத்தி வெச்சிருந்தாரு, நான் பாத்ததே இல்லை."

அடுத்த படத்தைத் திறந்தாள். திறந்தவள் திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

நான் எட்டிப் பார்த்தேன். நீளமான சுவர். ஒரு கோடியில் நெஞ்சுயரத்தில் போர்டுப் பெட்டி. மறுகோடியில் முழங்கால் உயரத்தில் இன்னொரு பெட்டி. போர்டிலிருந்து குழாய் மேலே ஏறவில்லை. சுவரின் குறுக்கே சாய்வாக இறங்கி, நேரே கீழ்ப் பெட்டிக்குப் போயிருந்தது. டேப் நிலைக்கட்டையிலிருந்து நீண்டு சுவரின் நடுவில் அந்தக் குழாயைத் தொட்டுக்கொண்டிருந்தது. படம் லேசாக ஆடியிருந்தது. அவசரத்தில் எடுத்த படம்.

"தேதி என்னண்ணே போட்டிருக்கு?" என்றாள். அவளுக்கே தெரிந்தது. என் வாயால் கேட்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு. சொன்னேன். அது அவள் மகள் பிறந்த தேதி. நேரம் மத்தியானம் இரண்டே கால்.

"பாப்பா ரெண்டே முக்காலுக்குப் பொறந்தா" என்றாள்.

அந்த நிமிஷத்தில் கடையில் விளக்கு அணைந்தது. கரண்ட் போய்விட்டது. யூபிஎஸ் கீச் கீச்சென்று கத்த, திரை மட்டும் வெளிச்சமாக நின்றது. நான் என் போனை எடுத்துத் திரையை அப்படியே படம் பிடித்துக்கொண்டேன். அவள் மாடியைப் பார்த்து, "என்னங்க!" என்று போட்ட சத்தத்தில் என் உடம்பு தூக்கிப் போட்டது.

டெஸ்டர் சாப்பாட்டிலிருந்து எழுந்து கை கழுவாமலே இறங்கி வந்தான். "என்ன, பாப்பாவுக்கு என்ன?" என்றான். அவள் திரையைக் காட்டினாள். அவன் குனிந்து பார்த்தான். முதலில் அவனுக்குப் புரியவில்லை. "எவன் இப்படிக் குறுக்கே…" என்று தொடங்கியவன் டேப்பைப் பிடித்திருந்த கையைப் பார்த்தான். தன் கை. தன் தழும்பு. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

"ஐயோ" என்றான். "அன்னைக்கு உனக்கு வலின்னு போன் வந்துடுச்சு. மேலே ஏத்தி இறக்கணும்னா இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். கொத்தனார் வேற பூசுறதுக்குக் காத்துக்கிட்டு நிக்கறாரு. இன்னைக்கு இப்படிப் போட்டுடுவோம், நாளைக்கு வந்து பிரிச்சுடலாம்னு நெனைச்சேன். பாப்பாவைப் பாத்ததும்… எனக்கு அந்தச் சுவரே மறந்துபோச்சு. சத்தியமா மறந்துபோச்சு."

"நேத்து என்ன சொன்னீங்க வாத்தியார்கிட்ட?" என்றாள் அவள்.

நடுவில் எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கட்டும் என்று அவன் சொன்னது என் காதில் இன்னும் இருந்தது.

"தம்பி இன்னைக்கு அங்கதான் போயிருக்கான்."

அவள் தம்பிக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேலை செய்யும்போது அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவான், போன் சட்டைப் பையில் இருக்கும், காதில் பஞ்சு வேறு அடைத்துக்கொள்வான். டெஸ்டர் வாத்தியாருக்குப் போட்டான். அவர் எடுத்தார். "நாங்க டாக்டர்கிட்ட வந்திருக்கோம்ப்பா. சாவியைத் தம்பிகிட்டக் குடுத்துட்டு வந்தோம். ரெண்டு தாங்கி மாட்டினதுமே எங்க தெருவுல கரண்ட் போயிடுச்சு, சும்மா உக்காந்திருந்தான். கரண்ட் வந்ததும் மறுபடி ஆரம்பிச்சுடுவான், நீ ஒண்ணும் கவலைப்படாதே" என்றார்.

கரண்ட் வந்ததும்.

வண்டி அந்தத் தண்ணீரில் போகாது. நடந்தால் பத்து நிமிஷம். மூன்று பேரும் இறங்கினோம். கடையைப் பூட்டினேனா என்றுகூட எனக்கு நினைவில்லை. தண்ணீருக்குள் ஓட முடியாது, கால் தூக்கித் தூக்கித்தான் வைக்க வேண்டும். டெஸ்டர் முன்னால் போனான். அவள் சேலையை முழங்காலுக்கு மேல் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அவனுக்குப் பின்னால். எனக்கு மூச்சு வாங்கியது. தெருவில் ஒரு சத்தம் இல்லை. மோட்டார் ஓடவில்லை, டிவி பேசவில்லை. அந்த அமைதி அப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே நடந்தேன். கரண்ட் வரவில்லையே என்று ஆபீசுக்குப் போன் போட்டுத் திட்டுகிறவன் நான். அன்றைக்கு வராதே, வராதே என்று முணுமுணுத்துக்கொண்டு போனேன்.

"அந்த லைன்ல எவ்வளவு கரண்ட் போகும்?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"வாஷிங் மெஷினுக்குத் தடி ஒயர்ண்ணே" என்றான்.

திரும்புகிற முனையில் ஒரு வெல்டிங் பட்டறை உண்டு. நாங்கள் அதைத் தாண்டவும் உள்ளே கிரைண்டர் கிறீச்சென்று அலறியது. நீல வெளிச்சம் தண்ணீரில் பளிச்சென்று அடித்தது. கரண்ட் வந்துவிட்டது.

டெஸ்டரின் மனைவி, "தம்பீ!" என்று நின்ற இடத்திலிருந்தே கத்தினாள். இன்னும் முழுத் தெரு பாக்கி இருந்தது, யாருக்குக் கேட்கும்? டெஸ்டர் ஓட முயன்று தண்ணீருக்குள் குப்புற விழுந்தான். எழுந்தான். செருப்பு இரண்டும் போய்விட்டது.

வாத்தியார் வீட்டு வாசலை நெருங்கும்போது உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. சுவரைத் துளைக்கிற அந்தக் கரகரப்பு. அது கேட்கிற வரைக்கும் அவன் உயிரோடு இருக்கிறான் என்பது எனக்குப் புரிந்தது. ஒரு மனிதனின் மூச்சு ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று கடவுளைக் கேட்பது போல அந்த மெஷின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று கேட்டேன்.

சத்தம் நின்றது.

அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "நீங்க போங்க" என்றாள். டெஸ்டர் உள்ளே போனான், பின்னால் நான். நடைவழியில் அவன் மச்சினன் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான். கைப்பிடியைத் தாங்க ஆறு இரும்புத் தாங்கிகள். குளியலறைப் பக்கத்திலிருந்து மூன்று மாட்டி முடித்திருந்தான். நாலாவதற்குப் பென்சிலில் போட்ட பெருக்கல் குறியின் மேல் மெஷின் முனையை வைத்து, இடுப்பைக் கொடுத்துச் சாய்ந்துகொண்டிருந்தான். வெறும் கால். ஈரத் தரை.

நான் கூப்பிடப் போனேன். டெஸ்டர் கூப்பிடவில்லை. வாசலுக்கு உள்ளே இடது பக்கம் மெயின் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும், அவன் வைத்த மெயின். கை தானாகப் போயிற்று. டக்கென்று இறக்கினான்.

மச்சினன் மெஷினின் விசையை அழுத்தினான். ஓடவில்லை. மறுபடி அழுத்தினான். இரண்டு தடவை, மூன்று தடவை. "ச்சே, மறுபடியும் போச்சா? இவனுங்களோட ஒரே தொல்லை" என்று திரும்பியவன், நனைந்து சேறாகி நின்ற எங்களைப் பார்த்துவிட்டுக் காதிலிருந்து பஞ்சை எடுத்தான்.

"மாமா? என்ன மாமா, எங்க விழுந்தீங்க?"

டெஸ்டர் மெயினிலிருந்து கையை எடுக்கவே இல்லை. "மாப்ளே, அந்த மெஷினைக் கீழ வை. சுவரை விட்டுத் தள்ளி வா" என்றான். அவன் தள்ளி வந்த பிறகுதான் இவன் கையை எடுத்தான். அப்படியே தரையில் உட்கார்ந்து கருந்தழும்புக் கையால் வாயைப் பொத்திக்கொண்டான். பேச்சுச் சத்தம் கேட்டு அவள் உள்ளே ஓடி வந்தாள். தம்பி நிற்பதைப் பார்த்தாள். அவன் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தாள். "போனைப் பக்கத்துல வெச்சுக்கன்னு எத்தனை தடவைடா சொல்றது!" என்றாள். பிறகு அந்த முதுகிலேயே முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

"என்னக்கா ஆச்சு? யாராச்சும் சொல்லுங்களேன்" என்றான் அவன்.

என் போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். டெஸ்டர் எழுந்து, சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை எடுத்து எல்லாவற்றையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு, மச்சினனின் டேப்பை வாங்கினான். ஒரு முனையை அவன் மனைவி நிலைக்கட்டையில் பிடித்தாள். படத்தில் இருந்த அதே அளவு, அதே உயரம். டேப் ஆடிக்கொண்டே வந்து சுவரில் நின்ற இடத்துக்கும் பென்சில் குறிக்கும் நடுவே என் சுண்டுவிரலை வைக்க இடம் இல்லை.

மச்சினன் அதுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தான். சிரிப்பு அப்படியே நின்றது. தன் ஈரக் காலைக் குனிந்து பார்த்தான். "நீங்கதானே மாமா நடுவுல எங்க வேணா போடலாம்னு…" என்று பாதியில் நிறுத்தினான்.

"நான்தான் சொன்னேன். பாக்காம சொன்னேன்" என்றான் டெஸ்டர்.

அவள் தம்பியின் காதில் செருகியிருந்த பென்சிலை உருவினாள். போர்டிலிருந்து கீழ்ப் பிளக் வரைக்கும், வாத்தியார் வீட்டுப் புதுப் பெயிண்ட் மேல், ஒரு நீளக் கோடு இழுத்தாள். கோட்டின் மேலும் கீழும் ஒரு கையளவு விட்டு இன்னும் இரண்டு கோடுகள். அழகு பார்க்கிற நேரமா அது? டெஸ்டர் அங்கேயே நின்று வாத்தியாருக்குப் போன் போட்டான். "சார், அந்தச் சுவர்ல ஒயர் குறுக்கே போகுது. நான்தான் போட்டேன். நேத்து உங்களுக்குத் தப்பாச் சொல்லிட்டேன். நாளைக்கு வந்து பிரிச்சு நேரா இழுத்துத் தர்றேன். அது வரைக்கும் அந்தச் சுவரை யாரும் தொட வேண்டாம்" என்றான். அடுத்தது கண்ணாடி மாட்டுகிறவர். அதற்கடுத்து அலமாரிக்காரர். "படம் தொலைஞ்சு போச்சுங்க. நான் ஞாபகத்துல சொன்னேன். துளை போடாதீங்க, படம் கிடைக்கலைன்னா நானே நேர்ல வர்றேன்." கண்ணாடிக்காரர் நேற்றே அடித்துவிட்டாராம், ஒன்றும் ஆகவில்லை என்றார். அதைக் கேட்டு டெஸ்டருக்கு வியர்த்துக் கொட்டியதை நான் பார்த்தேன். அலமாரிக்காரர் அரை மணி நேரம் திட்டினார். போனைக் காதிலிருந்து எடுக்காமல் முழுவதையும் வாங்கிக்கொண்டான்.

திரும்பி வரும்போது மழை விட்டிருந்தது. யாரும் அவசரப்படவில்லை. மச்சினன் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் போனான். தண்ணீருக்குள் அவர்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். நான் சும்மா இருக்க முடியாமல், இனிமேல் வெட்டி ஒட்டுகிற வேலையே கூடாது, யூபிஎஸ்சுக்குப் புதுப் பேட்டரி, மூன்று காப்பி, ஒன்று தம்பி வீட்டில் என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தேன். டெஸ்டர் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றான். ஒன்பதாயிரம் கிடைத்தாலும் முந்நூறு நானூறு படமாவது திரும்பவே வராது என்பதையும் சொல்லிவிட்டேன். எப்போதாவது சொல்லித்தானே ஆக வேண்டும்?

வெல்டிங் பட்டறை தாண்டியதும் அவன் மனைவி நின்றாள்.

"என்னங்க, ஒண்ணு கேக்கறேன். வேற என்னைக்கெல்லாம் இப்படி வேலையைப் பாதியில விட்டுட்டு ஓடி வந்தீங்க?"

அவன் திரும்பிப் பார்த்தான். முதலில் சிரிக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

"எங்க அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்த அன்னைக்கு வந்தீங்க" என்றாள். "பாப்பாவுக்கு ஜுரத்துல கண்ணு செருகினப்போ வந்தீங்க. நான் அடுப்புல கையைச் சுட்டுக்கிட்ட அன்னைக்கு, போன் வெச்சுக் கால் மணி நேரத்துல வந்து நின்னீங்க. எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

டெஸ்டர் முழங்கால் தண்ணீரில் நின்று விரல் மடக்கத் தொடங்கினான். உதடு மட்டும் அசைந்தது. வலது கை விரல்கள் ஐந்தும் மடங்கின. இடது கையில் இரண்டு விரல் மடக்கியவன், மூன்றாவதில் நின்று, எதையோ நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்து, முடியாமல் அவளைப் பார்த்தான். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க" என்றாள். "தேதி எனக்கு ஞாபகம் இருக்கு. ஒவ்வொண்ணாத் தொறந்து பாப்போம்."